தோட்டத் தொழிலாளரும் உடலை அளக்கும் கருவிகளும்

பயோமெட்ரிக் தொழில்நுட்பம் மனித உடலை இரண்டு காரணங்களுக்காக அளக்கிறது. ஆள் யார் என்று உறுதிசெய்ய விரல்ரேகை, முகம், கருவிழி, உள்ளங்கை நரம்பு ஆகியவற்றைப் படிப்பது ஒரு வகை. அந்த உடல் அந்த நேரத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய நாடித்துடிப்பு, உடல் வெப்பம், இரத்தத்தில் உள்ள நொதி, தசையின் உழைப்பு ஆகியவற்றை அளப்பது இன்னொரு வகை. முதல் வகை வேலையிடங்களுக்கு முந்தி வந்துவிட்டது. தொழிலாளியின் உயிரைக் காக்கக்கூடிய இரண்டாம் வகை மெதுவாகத்தான் வருகிறது. வட சிலாங்கூர்த் தோட்டப்புறங்களை வைத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு தெளிவாகப் புரியும்.

சிலாங்கூர் ஆற்றை ஒட்டிய பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்பது அதிகாரப்பூர்வப் பெயர். இவ்வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை உருவாக்கினார். கோல சிலாங்கூர் மாவட்டத்து ரப்பர் காடுகளைப் பராமரித்த தமிழர்களே செம்பனைக்கும் மாறினார்கள். இன்று அதே வேலைகளைப் பெரும்பாலும் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம், இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் செய்கிறார்கள். ஆட்கள் மாறினாலும் ஆபத்துகள் மாறவில்லை. குலை வெட்டுபவர் நீண்ட கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்தபடி மட்டையையும் குலையையும் அறுக்கிறார். விழும் குலை பல சமயம் 20 கிலோவுக்கும் மேல் இருக்கும். மருந்தடிப்பவர் முதுகில் மருந்துத் தோம்பைச் சுமந்து வரிசை வரிசையாக நடக்கிறார். இவற்றோடு வெயில், இடி மின்னல், பாம்பு, ஆலையின் நீராவி, இரைச்சல்.

விரல்ரேகையை அடையாளமாகப் பயன்படுத்தும் வழக்கம் கூலி ஒப்பந்தங்களோடு நெருங்கிய தொடர்புடையது. வங்காளத்தின் ஜங்கிப்பூரில் 1858-இல் ஆங்கில அதிகாரி வில்லியம் ஹெர்ஷல் சாலைப் பொருள் தரும் ஓர் ஒப்பந்தக்காரரின் கைப்பதிவைப் பத்திரத்தில் வாங்கினார். பதிந்த ரேகைகளை வகைப்படுத்தித் தேடி எடுக்கும் கணக்கு முறையைக் கல்கத்தாவில் காவல்துறையினரான அசிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் இருவரும் உருவாக்கினர். 1897-இல் அங்கே விரல்ரேகைப் பணியகம் நிறுவப்பட்டது. மலாயாவில் 1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின் பன்னிரண்டு வயதைக் கடந்தவர்களுக்குப் புகைப்படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாள அட்டை கட்டாயமாயிற்று. 2001-இல் வந்த மைகார்டு என்ற புதிய அடையாள அட்டையின் சில்லுக்குள் ரேகை ஏறியது. 2011-இல் நாடு முழுவதும் வெளிநாட்டுத் தொழிலாளர்களின் ரேகைகள் பதிவுசெய்யப்பட்டன. இந்த ஏற்பாடுகள் எல்லாம் ஆளைக் கண்காணிக்க வந்தவை. அதனால்தான் பயோமெட்ரிக் கருவி என்றதும் தொழிலாளிக்குச் சந்தேகம் வருகிறது. அந்தச் சந்தேகம் நியாயமானது.

இருந்தாலும் அடையாளப் பதிவுக்கும் பாதுகாப்புக்கும் உண்மையான தொடர்பு உண்டு. தோட்டத்தில் நாள் தொடங்கும் இடம் பிரட்டுக்களம். விடியுமுன் அங்கே கூடும் ஆட்களை மேற்பார்வையாளரான மண்டோர் பெயர் சொல்லிக் கூப்பிட, எழுத்தரான கிராணி செக்ரோல் எனும் வருகை ஏட்டில் குறித்துக்கொள்வார். அந்த ஏட்டில் யார், எந்த நாள், எந்தக் காட்டில், என்ன வேலை செய்தார் என்பது இருக்கும். மருந்துக் கிடங்கின் ஏட்டிலோ அன்று எந்த மருந்து எவ்வளவு வெளியே போனது என்பது இருக்கும். இரண்டையும் இணைத்தால் ஒருவர் தம் வாழ்நாளில் எந்த நச்சுப் பொருளோடு எத்தனை நாள் புழங்கினார் என்ற வரலாறு கிடைத்துவிடும். கையால் எழுதிய காலத்தில் இந்த இணைப்பு நடக்கவே இல்லை. விரல்ரேகையோ முகமோ பதிவாகும் பிரட்டில் இதைக் கணினியே செய்யும். மலேசியாவில் 2000-ஆம் ஆண்டின் அபாயகர இரசாயன ஒழுங்குமுறைகள், மருத்துவக் கண்காணிப்புப் பதிவுகளை 30 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கின்றன. நுரையீரலிலோ நரம்பிலோ வரும் பாதிப்பு பத்து, இருபது ஆண்டு கழித்துத் தலைகாட்டலாம் என்பதே இந்த நீண்ட கெடுவுக்குக் காரணம். வட சிலாங்கூரில் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு, கைமாறி, வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. தோட்டக் குடியிருப்பான லயத்தை விட்டுப் போன ஒரு மருந்தடிப்புக்காரப் பெண்மணி இன்று மருத்துவரிடம் போனால் அவர் கையில் காட்ட எந்தத் தாளும் இருப்பதில்லை. சரியாகப் பேணப்பட்ட மின்பதிவு இருந்தால் இந்த அநீதியைத் தவிர்க்க முடியும்.

அடையாளக் கருவிகளுக்கு வேறு வகையிலும் பாதுகாப்புப் பயன் உண்டு. பயிற்சி பெற்ற ஓட்டுநரின் விரல் பட்டால் மட்டுமே இயங்கும் டிராக்டர், தகுதி பெற்றவருக்கு மட்டும் திறக்கும் மருந்துக் கிடங்கு, கொதிகலனுக்குள்ளோ எண்ணெய்த் தொட்டிக்குள்ளோ இறங்கியவர் வெளியே வந்துவிட்டாரா என்று காட்டும் பதிவு ஆகியவை அவ்வகை. மூடிய தொட்டிக்குள் மயங்கி விழுந்தவரைக் காப்பாற்றப் போய்த் தாமும் இறந்தவர்களின் கதை எல்லா நாட்டிலும் உண்டு. உள்ளே எத்தனை பேர் என்று உறுதியாகத் தெரிவது மீட்புக் குழுவுக்கு அடிப்படைத் தேவை.

நடைமுறையில் தோட்டத் தொழிலாளியின் விரலைக் கருவி படிப்பதே பெரும்பாடு. மண்வெட்டி, அரிவாள் பிடி, ரப்பர் பால் உறையப் பயன்படும் அமிலம், வியர்வை ஆகியவை ரேகையின் மேடுகளைத் தேய்த்துவிடுகின்றன. வயது ஏற ஏறத் தோலும் வறண்டு மெலிகிறது. இந்தியாவில் ஆதார் அடையாளத் திட்டத்தின் எந்திரம் கைவிரலை ஏற்காததால் ரேஷன் பொருளுக்காகத் திரும்பத் திரும்ப வரிசையில் நின்றவர்களில் உடலுழைப்பாளிகளும் முதியவர்களும் அதிகம். முகத்தைப் படிக்கும் கருவிக்கு வெளிச்சம் வேண்டும்; பிரட்டு நடப்பதோ இருட்டில். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2019 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வு 189 முகமறி மென்பொருள்களைச் சோதித்தது. ஒருவரை இன்னொருவராகத் தவறாக எடுத்துக்கொள்ளும் பிழை, வெள்ளையர் முகங்களைவிட ஆசிய, ஆப்பிரிக்க முகங்களில் 10 முதல் 100 மடங்கு வரை கூடுதலாக இருந்ததைப் பல மென்பொருள்களில் கண்டது. தோலுக்கு அடியில் ஓடும் நரம்புகளை அகச்சிவப்பு ஒளியால் படிக்கும் உள்ளங்கைக் கருவி, தேய்ந்த கைகளுக்குப் பொருத்தமானது. விலைதான் கூடுதல்.

உடலின் நிலையை அளக்கும் இரண்டாம் வகையில் தோட்டங்களுக்கு மிகப் பழக்கமானது மின்னணுக் கருவி அல்ல. ஒரு துளி இரத்தம். செம்பனை ஓலையைத் தின்னும் பைப்புழுவை ஒழிக்க, மரத்தண்டில் துளையிட்டு ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகளைச் செலுத்தும் வழக்கம் மலேசியாவில் உண்டு. இவை பூச்சியைக் கொல்லும் அதே வழியில்தான் மனிதனையும் தாக்குகின்றன. நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி கொண்டுபோகும் அசிட்டைல்கோலின் என்ற பொருளை, வேலை முடிந்ததும் சிதைத்து அப்புறப்படுத்துவது கோலினெஸ்டரேஸ் என்னும் நொதி. மருந்து அந்த நொதியை முடக்கிவிடுகிறது. அசிட்டைல்கோலின் தேங்கி, நரம்பு ஓயாமல் தூண்டப்படுகிறது. வாயில் எச்சில் ஊறும், வியர்வை கொட்டும், கண்பாவை ஊசிமுனையளவாய்ச் சுருங்கும், தசை துடிக்கும், கடைசியில் மூச்சு நிற்கும். வெயிலில் வேலை செய்பவருக்கு வியர்வையும் தலைச்சுற்றலும் அன்றாடம் என்பதால் தொடக்க அறிகுறிகளை யாரும் பொருட்படுத்துவதில்லை. நொதியின் அளவு குறையத் தொடங்குவதோ அறிகுறிக்கு முன்பே நடக்கிறது. இந்தச் சோதனையின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது.

சோதனை எளிது. விரல் நுனியைக் குத்தி எடுத்த இரத்தத்தை ஒரு கரைசலில் கலந்தால், நொதி எவ்வளவு வேகமாய் வேலை செய்கிறது என்பதைப் பொறுத்து நிறம் மாறும். கையடக்கக் கருவி அந்த நிறமாற்றத்தைச் சில நிமிடங்களில் எண்ணாக்கித் தரும். ஆனால் அந்த எண்ணைத் தனியாக வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. நொதியின் இயல்பான அளவு ஆளுக்கு ஆள் வெகுவாக வேறுபடும். ஒருவருக்குச் சாதாரணமான அளவு இன்னொருவருக்குப் பாதி இழப்பாக இருக்கலாம். ஆகவே மருந்தைத் தொடுவதற்கு முன்பே ஒவ்வொருவருக்கும் அடிப்படை அளவு எடுத்து வைத்திருக்க வேண்டும். இந்தக் கண்காணிப்பை 1974-இல் சட்டமாக்கிய கலிபோர்னியாவின் விதிகள் தெளிவானவை. நொதி அந்த அடிப்படை அளவில் 80 விழுக்காட்டுக்குக் கீழே போனால் வேலைமுறையை ஆராய வேண்டும். சிவப்பணுவில் உள்ள நொதி 70 விழுக்காட்டுக்கோ, பிளாஸ்மாவில் உள்ளது 60 விழுக்காட்டுக்கோ இறங்கினால் அந்தத் தொழிலாளியை மருந்து வேலையிலிருந்து விலக்க வேண்டும். 80 விழுக்காட்டுக்கு மீண்ட பிறகே அவர் திரும்பலாம். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் மீட்சி மெதுவாகத்தான் நடக்கும். இவ்வாறு பாதிக்கப்பட்டவரை வேலையிலிருந்து விலக்கிக் காக்கும் ஏற்பாடு மலேசிய ஒழுங்குமுறைகளிலும் இருக்கிறது.

ஒரு சோதனை ஒரு நஞ்சைத்தான் கண்டுபிடிக்கும் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. தோட்டங்களில் அதிகம் தெளிக்கப்படுவது பூச்சிமருந்து அல்ல, களைக்கொல்லி. பாராகுவாட், கிளைபோசேட், குளூபோசினேட் போன்றவற்றில் எதுவும் கோலினெஸ்டரேஸைக் குறைப்பதில்லை. பாராகுவாட் நகத்தைச் சிதைக்கிறது, மூக்கில் இரத்தம் வரச் செய்கிறது, உள்ளே போனால் நுரையீரலைத் தழும்பாக்கிவிடுகிறது. பெண் தொழிலாளர் உரிமை அமைப்பான தெனாகனிதாவும் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலைப்பின்னலின் ஆசிய பசிபிக் பிரிவும் சேர்ந்து 2002-இல் வெளியிட்ட தோட்ட ஆய்வு, மருந்தடிக்கும் பெண்களின் இத்தகைய துன்பங்களை வெளியுலகுக்குக் கொண்டுவந்தது. அரசு அதே ஆண்டில் பாராகுவாட்டைத் தடுக்க முடிவுசெய்தது, 2006-இல் தளர்த்தியது, 2020 ஜனவரி 1 முதல் முற்றிலும் தடைசெய்தது. அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் கோலினெஸ்டரேஸ் சோதனை மட்டும் செய்து, எல்லாம் இயல்பு என்று தாள் கொடுத்திருந்தால் அது உண்மையை மறைத்த தாளாகவே இருந்திருக்கும். எந்தக் கருவியையும் வாங்குமுன், தோட்டத்தில் என்ன மருந்து புழங்குகிறது என்று பார்ப்பதே முதல் வேலை.

வெப்பம் இரசாயனத்தைவிடப் பரவலான ஆபத்து. மலேசிய வானிலை ஆய்வுத் துறை, நாளின் உச்ச வெப்பம் தொடர்ந்து மூன்று நாள் 35 முதல் 37 பாகை செல்சியஸ் வரை இருந்தால் முதல் எச்சரிக்கையை விடுக்கிறது. வேலை செய்பவருக்குக் காற்றின் வெப்பம் மட்டும் போதிய அளவுகோல் அல்ல. ஈரப்பதம் மிகுந்தால் வியர்வை ஆவியாகாது. ஆவியாகாத வியர்வை உடலைக் குளிரவைக்காது. அமெரிக்க மரைன் படைப் பயிற்சியில் வீரர்கள் வெப்பத்தால் பாதிக்கப்பட்டதை ஆராய்ந்து 1950-களில் உருவான டபிள்யூ.பி.ஜி.டி. குறியீடு இதையெல்லாம் கணக்கில் கொள்கிறது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானியின் அளவில் 70 விழுக்காடு, கறுப்புக் கோளத்துக்குள் வைத்த வெப்பமானியின் அளவில் 20 விழுக்காடு, நிழலில் காற்றின் வெப்பத்தில் 10 விழுக்காடு ஆகியவற்றைக் கூட்டினால் குறியீடு வரும். எடுத்துக்காட்டாக, இவை முறையே 27, 42, 33 பாகை என்று வைத்துக்கொண்டால் விடை 30.6. வெயிலுக்குப் பழகிய ஒருவர் குலை வெட்டுவது போன்ற கடும் உழைப்பை மணிக்குக் கால் மணி நேரம் மட்டும் செய்தாலும் பன்னாட்டு அளவில் ஏற்கப்பட்ட வரம்பு 30.5 தான். மலேசியாவின் டோஷ் எனப்படும் வேலையிடப் பாதுகாப்புத் துறை 2016-இல் வெளியிட்ட வெப்ப அழுத்த வழிகாட்டியும் இந்தக் குறியீட்டையே அடிப்படையாகக் கொள்கிறது.

முதிர்ந்த செம்பனைக் காட்டில் ஓலை கூடி நிழல் தருவதால் கோளத்தின் வெப்பம் குறையும். மறுநடவு நடந்த வெட்டவெளியில் அது எகிறும். ஒரே தோட்டத்தின் இரண்டு காடுகளுக்கு ஒரே எண் பொருந்தாது. மருந்தடிப்பவரின் நிலை இன்னும் மோசம். நச்சு படாமலிருக்க அவர் போடும் காற்றுப் புகாத உடை வியர்வையையும் ஆவியாக விடாது. அத்தகைய உடைக்குக் குறியீட்டோடு 11 பாகை வரை கூட்டிக் கணக்கிட வேண்டும் என்பது தொழில்சுகாதார விதி. பல மருந்தடிப்பாளர்கள் முகக்கவசத்தையும் மேலுடையையும் கழற்றிவிடுவதற்குக் காரணம் அலட்சியம் அல்ல, இந்த வெக்கை.

சூழலை அளப்பதோடு நிற்காமல் ஆளையே அளப்பதுதான் பயோமெட்ரிக் முறையின் பலம். ஒரே வெயிலில் இருபது வயது இளைஞரின் உடலும், சர்க்கரை நோயுள்ள ஐம்பது வயதுக்காரரின் உடலும் ஒன்றுபோல் இயங்குவதில்லை. வேலைக்கு நடுவே உடலின் உள்வெப்பம் 38 பாகையைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 1969-இல் பரிந்துரைத்தது. உள்வெப்பத்தை நேரடியாக அளக்க விழுங்கும் மாத்திரை வடிவ உணரிகள் உள்ளன. அவை ஆய்வுக்குத்தான் கட்டுப்படியாகும். நாடித்துடிப்பு மலிவானது. இயல்பான இதயம் உள்ளவருக்கு, 180-இலிருந்து வயதைக் கழித்தால் வரும் எண்ணுக்கு மேல் துடிப்பு பல நிமிடம் நீடித்தால் வேலையை நிறுத்த வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. நாற்பது வயதுக்காரருக்கு அது 140.

கருவியே இல்லாமல் இதைச் செய்யும் முறையும் ஒன்று உண்டு. தொழிற்சாலை உடலியலில் முன்னோடியான லூசியன் ப்ரூகாவின் ஆய்வுகளிலிருந்து வந்தது அது. வேலையை நிறுத்தியதும் தொழிலாளி மரத்தடியில் உட்கார்கிறார். முதல் நிமிடத்தின் பின்பாதியில் முப்பது விநாடி நாடியை எண்ணி இரட்டிப்பாக்க வேண்டும். மூன்றாம் நிமிடத்திலும் அப்படியே. மூன்றாம் நிமிட அளவு 90-க்குக் கீழே வந்துவிட்டால் உடல் சமாளிக்கிறது. 90-ஐத் தாண்டி இருந்தாலும் முதல் அளவைவிடக் குறைந்தது பத்துத் துடிப்பு இறங்கியிருந்தால் வேலை கடினமானது, ஆயினும் உடல் மீள்கிறது. 90-க்கு மேல் நின்று, பத்துகூடக் குறையாவிட்டால் உடல் தோற்கிறது என்று பொருள். அன்று அந்த வேலையை அவர் தொடரக்கூடாது. ஒரு கைக்கடிகாரமும் பொறுமையான மண்டோரும் இருந்தால் போதும். நாடியை அளக்கும் விலையுயர்ந்த பட்டைகளை வாங்க முடியாத சிறு தோட்டங்களுக்கு இதைவிடச் சிறந்த யோசனை கிடையாது.

மணிக்கட்டுப் பட்டைகள் வேலை செய்யும் விதம் வேறு. பச்சை ஒளியைத் தோலுக்குள் செலுத்தி, திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கத்தைப் படிக்கின்றன. இரத்தம் பாயும்போது ஒளி கூடுதலாக உறிஞ்சப்படும், வடியும்போது குறைவாக. இதில் இரண்டு இடர்கள் உண்டு. கம்பைப் பிடித்து இழுக்கும் கை ஓயாமல் அசைவதால், அசைவையே துடிப்பு என்று கருவி எண்ணிவிடலாம். குலை வெட்டுபவருக்கு மணிக்கட்டைவிட நெஞ்சுப் பட்டையே நம்பகமானது. அடுத்தது தோலின் நிறம். மெலனின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சுவதால் கருத்த தோலில் சமிக்ஞை வலுவிழக்கிறது. இரத்த ஆக்சிஜனை அளக்கும் விரல் கருவியிலும் தோல் நிறத்தின் விளைவு பதிவாகியுள்ளது: கருவி நல்ல அளவைக் காட்டும்போதே உண்மையில் ஆக்சிஜன் ஆபத்தான அளவில் குறைந்திருந்த நிலை, வெள்ளை நோயாளிகளைவிடக் கறுப்பின நோயாளிகளில் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. வட சிலாங்கூரின் ராஜா மூசா வனக்காப்பகத்தில் கரிமண் காடு எரிந்து புகைமூட்டம் சூழும் நாட்களில் இத்தகைய கருவியை நம்பி ஆட்களைக் காட்டுக்கு அனுப்புவதென்றால், அது அந்த ஆட்களின் தோலிலேயே சோதிக்கப்பட்டிருக்க வேண்டும்.

புதிதாக வந்தவர்களுக்கு நாடித்துடிப்புக் கணக்கு மிகவும் முக்கியம். வெயிலுக்கு உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். முதல் நாள் முழு வேலையில் ஐந்தில் ஒரு பங்கு, பிறகு நாளுக்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்டுவது என்பது அமெரிக்கத் தொழில்சுகாதார நிறுவனமான நியோஷின் பரிந்துரை. நேப்பாள மலைக்கிராமத்திலிருந்து கோல சிலாங்கூர் வெயிலுக்கு வந்து இறங்கியவரின் துடிப்பு நாளுக்கு நாள் தணிந்து வருவதைக் கண்டால், அவர் பழகிவிட்டார் என்று மண்டோர் உறுதியாகச் சொல்லலாம்.

நீண்டகால வெப்ப உழைப்பு சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. மத்திய அமெரிக்கக் கரும்புத் தோட்டங்களில் இளம் வயதினர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தபின் இது உலகின் கவனத்துக்கு வந்தது. நிகராகுவாவின் இங்கெனியோ சான் அந்தோனியோ ஆலையில் வெட்டுக்காரர்களின் இரத்தத்தில், சிறுநீரகத்தின் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் அளவைப் பருவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் பார்த்தார்கள். தண்ணீர், நிழல், கூடுதல் ஓய்வு ஆகியவற்றை முறையாகக் கொடுத்த பிறகு சிறுநீரகப் பாதிப்பு குறைந்ததை அதே அளவீடு காட்டியது. தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடம் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா ஆய்வாளர்களும் இத்தகைய அளவீடுகளைச் செய்திருக்கிறார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். கழுத்து, தோள் தசைகளின் மின்னழுத்தத்தைப் பதியும் உணரிகள், அண்ணாந்து வெட்டும் வேலையில் எந்தக் கம்பு நீளம் உடலை அதிகம் வருத்துகிறது என்று காட்டும். குலை ஏற்றிச் செல்லும் லாரியில் ஓட்டுநரின் இமை மூடும் நேரத்தைக் கவனிக்கும் காமிரா, உறக்கம் வருமுன் எச்சரிக்கும். ஆலையில் நாளொன்றுக்கு 85 டெசிபலுக்கு மேல் இரைச்சல் படக்கூடாது என்பது 2019-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை. செவிச்சோதனை அங்கே காதின் கணக்கைப் பேணுகிறது.

இப்படித் திரட்டப்படும் தரவு யாருடையது என்பதில்தான் நன்மையும் தீமையும் பிரிகின்றன. நாடித்துடிப்பைப் படிக்கும் பட்டை, ஒருவர் எத்தனை நிமிடம் உட்கார்ந்தார் என்பதையும் படிக்கும். சர்க்கரை நோய், கர்ப்பம், இதயக் கோளாறு ஆகியவற்றை ஊகிக்கவும் வழிகொடுக்கும். ஒப்பந்தம் முடிந்ததும் நாட்டைவிட்டு அனுப்பப்படக்கூடிய தொழிலாளிக்கு இது பிழைப்பைப் பறிக்கும் ஆபத்து. தொழிலாளரின் உணர்ச்சியைக் கணிக்கும் கருவிகளை, மருத்துவத்துக்கும் பாதுகாப்புக்கும் தவிர, வேலையிடங்களில் ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி முதல் தடைசெய்துள்ளது. மலேசியாவில் 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2024-இல் திருத்தப்பட்டு, பயோமெட்ரிக் தரவு கூடுதல் பாதுகாப்புக்குரிய தரவாகச் சேர்க்கப்பட்டது. உடல்நிலை அளவுகள் மருத்துவரிடமும் தொழிலாளியிடமும் இருக்க வேண்டும். நிர்வாகத்துக்கு இவர் வேலை செய்யலாம், செய்யக்கூடாது என்ற முடிவு மட்டும் போனால் போதும்.

1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்த திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பும் தொழிலாளி, முதலாளியிடம் தெரிவித்தும் அது நீக்கப்படாவிட்டால், அவ்விடத்தைவிட்டு விலகலாம் என்று 26அ பிரிவு உரிமை தருகிறது. நாடித்துடிப்பும் வெப்பக் குறியீடும் அந்த நம்பிக்கைக்கு எழுத்துச் சான்றாகும். ஆனால் குலைக்கும் டன்னுக்கும் கூலி கிடைக்கும் காட்டில், எச்சரிக்கை ஒலி கேட்டு உட்காரும் ஒவ்வொரு நிமிடமும் கூலிக் குறைவு. பட்டையைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு வேலையைத் தொடர்வதே அவருக்குக் கட்டுப்படியாகும். ஓய்வு நேரத்துக்கும் கூலி என்று ஒப்பந்தத்தில் எழுதாமல் இந்தக் கருவிகளை வாங்குவது வீண்செலவு.

மருந்தடிப்பிலோ ஆலையிலோ வேலை செய்பவர்கள், செய்து ஓய்ந்தவர்கள் தங்களைப் பற்றிய பதிவுகளைக் கேட்டுப் பார்க்கும் உரிமையைத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வழங்குகிறது. தோட்டம் கைமாறுமுன், வேலையை விடுமுன், இரத்தப் பரிசோதனை அளவுகளின் நகலை எழுத்தில் கேட்டு வாங்கி, பிறப்புப் பத்திரத்தோடு சேர்த்து வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.